பதினோரு செருமல்

அர்ஜிரோவின் தொண்டைக்குள் விளக்குக்குழாயை விட்டுப் பார்த்து முடித்த டாக்டர் லூக்கியா, கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பதினொண்ணு" என்றாள்.

"என்ன பதினொண்ணு, டாக்டர்?"

"நீங்க உள்ள வந்ததிலேர்ந்து பதினோரு தடவை செருமியிருக்கீங்க. ஒவ்வொரு செருமலும் குரல் நாணுக்கு விழுற அறை. இருபத்திரண்டு வருஷமா அறைஞ்சுக்கிட்டே இருந்தா அது தடிக்காம என்ன செய்யும்?"

இரண்டு நாணிலும் தடிப்பு. இன்று திங்கள், வரும் ஞாயிறு முடிய வாயே திறக்கக்கூடாது என்றாள் டாக்டர். கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல். காப்பி கூடாது. செருமல் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கிவிட வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் கத்தி வைக்க வேண்டியதுதான். அர்ஜிரோ சரி என்று சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் விரலை உயர்த்தியதும் தலையை மட்டும் ஆட்டினாள்.

வோலோஸ் நகரத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அர்ஜிரோவிடம் பழகியவர்கள். துறைமுகத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்கள்கூட, இந்த ஊர்க்காரர்களைப் பார்த்து எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள் என்று அவளுக்கு ஒரு பெருமை. ஸ்தாமாதிஸ் நடத்தும் மாலைப் பள்ளியில் மூன்று மணிக்குப் பேச ஆரம்பித்தால் ஒன்பது மணிக்குத்தான் வாய் ஓயும். பிள்ளைகள் பசியும் தூக்கமுமாக வந்து கத்துவார்கள். அவர்களுக்கு மேலே இவள் கத்துவாள். அதற்குப் பெயர்தான் பாடம் நடத்துவது என்று அந்தத் தொழிலில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஜூன் கடைசியில் ஆசிரியர்கள் எல்லோரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, செப்டம்பரில் வேண்டியவர்களுக்கு மட்டும் போன் போட்டு அழைப்பது அந்த ஊர் மாலைப் பள்ளிகளின் வழக்கம். போன வருஷம் இதே மே மாதம், அதே பள்ளியில் பாடம் நடத்திய கிளியோனிகிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று. செப்டம்பர் போய் அக்டோபரும் வந்தது, போன் வரவில்லை. கிளியோனிகி இப்போது மச்சினன் மீன்கடையில் மத்தி நிறுக்கிறாள். அர்ஜிரோவுக்கு மச்சினனும் இல்லை, மீன் வாடையும் ஆகாது. அதனால் வாயை மூடிக்கொண்டு, அதே சமயம் யாருக்கும் தெரியாமல், இந்த வாரத்தைத் தள்ளிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

பக்கத்து அறையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் ஸ்மாரோவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லப் போனாள். காதருகே போய்க் கிசுகிசுத்ததும் ஸ்மாரோ அவள் வாயைப் பொத்தினாள்.

"டாக்டர் சொன்னது உன் காதுல விழலையா? ஓட்டை டயர் மாதிரி எங்கிட்ட காத்து விடாத. எழுதிக் காட்டுடி." எழுதியதைப் படித்துவிட்டு, கண்ணேறு கழிய மூன்று முறை தூ தூ தூ என்றாள்.

இல்லை என்று சொல்ல அந்த ஊரில் குரல் வேண்டியதில்லை. புருவத்தைத் தூக்கினால் போதும். ஆனால் பதின்மூன்று பிள்ளைகளைப் புருவத்தால் வாய்மொழித் தேர்வுக்குத் தயார் செய்ய முடியுமா? தேர்வோ அடுத்த செவ்வாய்க்கிழமை. அர்ஜிரோ பலகையில் எழுதினாள்: இந்த வாரம் நான் உதட்டை மட்டும் அசைப்பேன், நீங்கள்தான் பேச வேண்டும்.

வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, சத்தமில்லாமல் 'பேப்பர்' என்று உதடு பிரித்தாள். காகிதம் துள்ளியது. பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு கிழித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னபோது காகிதம் செத்த மாதிரி தொங்கியது. தாய்மொழியில் அந்தப் 'ப'வுக்கு மூச்சு விட்டுப் பழக்கமில்லை. உதட்டைப் பார்க்கக் கண்ணாடி வந்தது, நாக்கை அழுத்த ஐஸ்கிரீம் குச்சி வந்தது. இருபத்திரண்டு வருஷம் காதில் ஓதியும் ஏறாதது கண் வழியாக ஏறியது. பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. குரல் நாண் அதிரும் ஒலி எது, அதிராதது எது என்று தொண்டையைத் தொட்டுப் பார்க்கும் பாடம் வந்தபோது மட்டும் தியாமந்திஸ் என்ற பையன், "உங்க தொண்டையைத் தொட்டுக் காட்டுங்களேன், மிஸ்" என்று கேட்டான். அவள் புருவத்தைத் தூக்கிவிட்டு அவனுடைய தொண்டையையே காட்டினாள்.

புதன்கிழமை கதவைத் திறந்துகொண்டு ஸ்தாமாதிஸ் வந்து நின்றார். இந்த அறையில் ஏன் அர்ஜிரோ சத்தம் கேட்கவில்லை, பிள்ளைகள் சத்தம் மட்டும் கேட்கிறது என்று பார்க்க வந்தாராம். அவள் அவசரமாகப் பலகையில், 'புதிய முறை' என்று கிறுக்கினாள்.

"இத்தனை வருஷமா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்த, தங்கமே?"

அவர் அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அன்றைக்கே படம் பிடித்துப் பெற்றோருக்கெல்லாம் அனுப்பினார். சனிக்கிழமை நகராட்சி அரங்கில் மாவட்டத்து மாலைப் பள்ளிக்காரர்களின் கூட்டம்; உரையாற்ற வேண்டியவர் வரவில்லை என்று தெரிந்ததும், அர்ஜிரோவின் பெயரைக் கொடுத்துவிட்டார். மௌன முறை பற்றித் தொண்ணூறு நிமிஷப் பேச்சு. பிடிக்கப் போனது பிள்ளையார், ஆனது குரங்கு.

வியாழனும் வெள்ளியும் அவள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. காலையில் கடற்கரைச் சாலையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தாள். ஒவ்வொரு காப்பிக் கடையிலும் குளிர்காப்பியின் நுரை அவளைப் பார்த்துச் சிரித்தது. செருமல் தொண்டை வரைக்கும் ஏறி வரும், தண்ணீர் பாட்டிலைத் திறப்பாள், விழுங்குவாள், பத்தடி நடப்பதற்குள் மறுபடி வரும். ரொட்டிக்கடையில் கையால் சுட்டிக் காட்டியதும், கடைக்காரி தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து எள் தூவிய ரொட்டி வளையம் ஒன்றை இனாமாகப் போட்டுக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டதற்கே அர்ஜிரோவுக்குக் கூச்சமாக இருந்தது. லீவு போட்டிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். இப்போது பொய் மேடை ஏறப்போகிறது.

எழுதிக் கொடு, நான் படிக்கிறேன் என்றாள் ஸ்மாரோ. நீ ஏன் படிக்கிறாய் என்று ஸ்தாமாதிஸ் கேட்பாரே என்று இவள் எழுதிக் காட்டினாள். ஒரு நாள்தானே, தொண்ணூறு நிமிஷம்தானே, பேசிவிட்டு மறுநாளிலிருந்து புதிதாக ஏழு நாள் இருந்துவிட்டால் போகிறது என்று கடைசியில் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் பள்ளி முதலாளிகள், நடுவில் ஸ்தாமாதிஸ். பின்னால் அவரவர் ஆசிரியைகள். அர்ஜிரோ மைக் முன்னால் நின்றாள். பேசுவதற்கு முன் ஒரு செருமல் போட வேண்டும். இந்த வாரம் தவிர, இருபத்திரண்டு வருஷமாக எந்த வகுப்பையும் அவள் அதில்லாமல் தொடங்கியதில்லை. அது மேலே ஏறி வந்தது. கை தண்ணீர் பாட்டிலைத் தேடியது. பாட்டில் கீழே, நாற்காலியில் இருந்தது. அந்த ஒரு நொடியில் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது, ஸ்தாமாதிஸிடம் அல்ல. இந்தச் செருமலோடு ஆரம்பித்தால் தொண்ணூறு நிமிஷம் கழித்துத் தன்னிடம் எந்தக் குரலும் மிஞ்சாது என்று தெரிந்தது. எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். மைக்கை அணைத்துவிட்டு மேடையிலிருந்த பலகைக்குப் போனாள்.

'இது முறை இல்லை. என் குரல் போய்விட்டது. ஏழு நாள் பேசாதே என்றார் டாக்டர். இன்று ஆறாவது நாள். செப்டம்பரில் கூப்பிட மாட்டார்களோ என்று மறைத்தேன்.' ஸ்தாமாதிஸ் பக்கம் திரும்பாமலே கீழே இன்னொரு வரி எழுதினாள்: 'இங்கே யாருக்கெல்லாம் தொண்டை வலி? கை தூக்குங்கள்.'

ஒரு கையும் எழவில்லை. எப்படி எழும்? முதலாளிகள் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்மாரோகூட மடியைப் பார்த்தாள். அர்ஜிரோவுக்கு அது சுருக்கென்று தைத்தது. மீன்கடையில் எடுபிடி வேலையாவது கிடைக்குமா என்றுகூட நினைத்துவிட்டாள்.

அப்போது மூன்றாம் வரிசையில் யாரோ செருமினார்கள்.

அர்ஜிரோ பலகையில் ஒரு கோடு போட்டாள். ஜன்னலோரம் ஒரு செருமல், இன்னொரு கோடு. என்ன எண்ணுகிறாள் என்று புரிந்ததும் எல்லோரும் அடக்கினார்கள். அடக்கினால்தான் அது இன்னும் நமைக்குமே! கடைசி வரிசையில் இரண்டு பேர் ஒன்றாகச் செருமினார்கள். யாரோ சிரித்தார்கள்; சிரிப்பு இருமலாயிற்று. ஸ்மாரோ கைக்குட்டைக்குள் செருமிவிட்டு, சரி போடு என்று கையை ஆட்டினாள். கோடுகள் பதினொன்றை எப்போதோ தாண்டிவிட்டன.

ஸ்தாமாதிஸ் முகம் சிவந்து எழுந்தார். அவரும் ஒரு காலத்தில் பாடம் நடத்தியவர்தான். கூட்டத்தை நோக்கித் திரும்பி வாயைத் திறந்தார். சொல்லுக்கு முன்னால் செருமல் வந்தது, நீளமாக, முப்பது வருஷத்துச் செருமல். அர்ஜிரோ கோடு போட்டாள். அரங்கம் முழுக்கச் சிரித்தது.

அவர் அர்ஜிரோ பக்கம் திரும்பினார்.

"செப்டம்பர் பத்தாம் தேதி வந்துடு, அர்ஜிரோ. குரலோட வா. கிளாஸுக்கு ஒரு மைக்கும் வாங்கித் தர்றேன்."

பெரிய மனதாகச் சொன்னாரோ, நாற்பது பேர் பார்க்கிறார்களே என்று சொன்னாரோ, அது அவருக்கே வெளிச்சம். மே மாதத்தில் சொன்னது செப்டம்பரில் மறந்துபோகும் என்பது அவளுக்குத் தெரியாதா? கோடுகளுக்குக் கீழே அவர் சொன்னதை அப்படியே எழுதினாள், தேதியோடும் மைக்கோடும். பிறகு ஓரமாக நகர்ந்து நின்று, பலகையைப் போட்டோ எடு என்று ஸ்மாரோவுக்குச் சைகை காட்டினாள்.