மூன்றாவது மெஷினில் முதல் பீக்

…அதெப்படி முதலாவதே இப்படி வயிறு தள்ளிக்கொண்டு வரும், மூன்றரை நிமிடத்தில் திரையில் ஊசி மாதிரி எழும்பி ஊசி மாதிரி இறங்க வேண்டிய கோடு, பீக் என்பார்கள், இது என்னடாவென்றால் தின்றுவிட்டுப் படுத்த பூனை மாதிரி மெத்தென்று எழும்பி மெத்தென்று இறங்குகிறது, இறங்கிய பிறகும் வாலை இழுத்துக்கொண்டே போகிறது, அவள் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள், பீக் இளைக்கவில்லை. அப்படியானால் எனக்கும் வருகிறது, எனக்கும் இந்த மெஷினில் பருத்துத்தான் வருகிறது என்று மனசு ஒரு துள்ளுத் துள்ளியது, துள்ளின வேகத்திலேயே நின்றது, ஏன் நின்றதென்று அவளுக்கே தெரியவில்லை… காலையில் செருப்பு மாட்டும்போது உள் அறையிலிருந்து குரல் வந்தது, அவள் கணவர், எட்டு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற மனிதர், "இன்னிக்கு மூணாவது மெஷின்ல நீதானே?" என்றார். முந்தின நாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னது, முதல் மெஷின்ல பம்பு ஒழுகுதுங்க, நாளைக்கு என்னை மூணாவதுல உக்காரச் சொல்லிட்டாங்க என்று, காதில் வாங்கிக்கொண்டதாகவே அவர் காட்டவில்லை, பார்த்தால் அதையே மென்றுகொண்டு கிடந்திருக்கிறார். "பீக் எப்படி வருதுன்னு பாத்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணு, உனக்கும் அகலமா வந்துச்சுன்னா…" என்றவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. மிச்சம் அவளுக்குத் தெரியாதா என்ன? உனக்கும் அகலமாக வந்தால் என் கையில் கோளாறு இல்லை. அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

இருபத்திரண்டு நிமிட ரன், இன்னும் பதினெட்டு இருக்கிறது, எழுந்து போகவும் முடியாது. ஒரு துளி மருந்துக் கரைசலை உள்ளே விட்டால் அது ஒரு சாண் நீள ஸ்டீல் குழலுக்குள், மாவைவிட நைசான பொடிக்குள் நுழைந்து, காய்ச்சல் மாத்திரையிலிருக்கிற மூன்று சரக்கும் தனித்தனியாகப் பிரிந்து ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பக்கம் வரும், ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பீக். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கும்பலாகத்தான் கிளம்பும், தெருமுனை போவதற்குள் ஒன்று ஓடும், ஒன்று கல்லை உதைத்துக்கொண்டு நிற்கும், கும்பல் கலைந்து நீண்டுவிடும், மருந்தும் அப்படித்தான், கலையாமல் கொண்டுவந்து சேர்க்கிற குழல்தான் நல்ல குழல், அதை அளக்க ஓர் எண், பிளேட் கணக்கு என்பார்கள், ரெண்டாயிரத்துக்குக் குறையக் கூடாது. பிரிவுத் தலைவருக்கே ஆய்வகத்தில் ரெண்டாயிரம் என்றுதான் பேர், வணக்கத்துக்குப் பதிலாக "ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் நுழைவார், பெண்டாட்டியிடம் காபிக்குச் சர்க்கரையும் அப்படித்தான் கேப்பாரு என்று இவர்தான், அவள் கணவர்தான், சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அப்போதெல்லாம் சிரிப்பார். பல் வரிசை முழுக்கத் தெரியச் சிரிப்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, இதே மெஷினில், இதே ஆட்டங்கண்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போது பீக் பருக்க ஆரம்பித்தது, ஆயிரத்து எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு, முதல் பீக் போய்ப் பக்கத்திலிருந்த அழுக்குப் பீக்கோடு ஒட்டிக்கொண்டது, அளவு இன்றைக்குக் கூடியும் நாளைக்குக் குறைந்தும் வந்தது, ஆறு லாட் மருந்து கிடங்கில் தேங்கி நின்றது. புதுக் குழல் போட்டார், அதேதான். இன்னொரு புதுசு போட்டார், அதேதான். மெஷின்ல என்னமோ இருக்கு சார் என்றார். இன்ஜினியர் வந்தான், குழலையும் அதற்குப் போகிற ட்யூபையும் கழற்றி ஓரமாக வைத்தான், தன் பெட்டியிலிருந்து தன் ட்யூபை மாட்டிச் சோதித்தான், பம்பு ஓகே, விளக்கு ஓகே, கழற்றினதையே திரும்ப மாட்டினான், கையெழுத்துப் போட்டான், போய்விட்டான். பிறகு அந்தக் குழலை மட்டும் எடுத்து முதல் மெஷினில் அவளிடம் கொடுத்தார்கள். ஒன்பதாயிரத்து நானூறு! அவள்தான் ஓட்டினாள், அவள்தான் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள், படுபாவி, கொடுக்கும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்ததோ… குழலும் சரி மெஷினும் சரி என்றால் மிச்சம் என்ன, கை. இங்கே எல்லா மெஷினிலும் கையால்தான் மருந்தை ஏற்றிக் கைப்பிடியைச் சட்டென்று திருப்ப வேண்டும், தயங்கித் திருப்பினால் மருந்து இழுபடும். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றார் ரெண்டாயிரம், எல்லார் முன்னாலும், பதினேழு வருஷம் உழைத்த மனிதரைப் பார்த்து. இவர் தன் கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாளே கிடங்குக்கு மாற்றினார்கள், பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை, ஐந்து நாள் ஒட்டினார், ஆறாம் நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். விடுங்க, வேற எடம் கிடைக்காதா என்றாள் அவள், நாலு இடத்தில் விசாரித்தும் வைத்தாள், அவர்தான் போகவில்லை, "போயி? அங்கயும் ஒருத்தன் என் கையப் பாக்கணுமா?" என்றார். முதலில் சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தாள், பிறகு ஒரு நாள் டம்ளரை வாங்கும்போது பார்த்தாள், விரல் நடுங்குகிறது, நிஜமாகவே நடுங்குகிறது, இல்லாத நடுக்கத்தை எட்டு மாதமாக உற்று உற்றுப் பார்த்தால் அது வந்துதானே தீரும். மகள் பத்தாவது படிக்கிறாள், வாய்த்துடுக்கு, அப்பா டம்ளர்ல பாதி தரைக்குத்தான் தர்றீங்க என்று கேலி செய்தாள், அவர் டம்ளரைக் கீழே வைத்தவர் அதன் பிறகு பிள்ளையின் எதிரில் எதையுமே குடிப்பதில்லை. பெண் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வீடா அது, அலமாரியில் சட்டை மடித்து வைத்த மாதிரி மூன்று பேரும் மூன்று தட்டில் கிடக்கிறோம்… இரண்டாவது பீக் வந்துவிட்டது, ஒன்பதாவது நிமிடம், அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பார்த்தாள். அது பரவாயில்லை, கொஞ்சம் பருமன்தான், ஆனால் பரவாயில்லை.

பரவாயில்லையா, அதெப்படிப் பரவாயில்லை? குழல் கெட்டிருந்தால் மூன்றும் கெட வேண்டும், கை என்றால் இரண்டு பேர் கைக்கும் ஒரே மாதிரியா வரும்… வழியில் எங்கேயோ காலி இடம் இருந்தால்தான் இப்படி, ஒரு பொட்டு இடம் போதும், மருந்து அங்கே நுழைந்து சுற்றிக்கொண்டு நின்று பரவிவிட்டுப் போகும், சீக்கிரமாக வருகிற ஒல்லிப் பீக்குக்கு அது பெரிய சேதம், தாமதமாக வருகிறவை எப்படியும் அகலந்தான், அவற்றுக்கு உறைக்கவே உறைக்காது. படித்த பாடம், முதல் வருஷத்துப் பாடம், ஒருத்தருக்குமா தோன்றவில்லை, எல்லாரும் முதல் பீக்கின் எண்ணை மட்டுந்தான் பார்த்தார்கள், அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், பயந்துபோனவர்களுக்குக் கண் ஒரே இடத்தில்தான் நிற்கும் போலிருக்கிறது. அதற்குப் பிறகு இந்த மெஷினையே பீக்கின் அகலம் யாருக்கும் வேண்டாத வேலைக்கு ஒதுக்கிவிட்டார்கள், மாத்திரை கரைகிறதா இல்லையா என்று பார்க்க. ஆக, காலி இடம். எங்கே? குழலுக்கு முன்னால் ட்யூப் போய்ச் சேருகிற இடம், நட்டு போட்டு இறுக்குகிற இடம்… அந்த ட்யூப். கடவுளே, அந்த ட்யூப்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வாரம் அவருக்குக் காய்ச்சல், இரண்டு நாள் லீவு, அவருடைய மெஷினையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். குழலின் தலையில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது, எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை, டிராயரைத் துழாவினாள், வேறு கம்பெனிக் குழலுக்கென்று நட்டோடு செய்த ரெடிமேட் ட்யூப் ஒன்று கிடந்தது, நுனி ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை, குட்டை. அதை மாட்டி ஸ்பேனரால் ஓர் அழுத்து அழுத்தினாள், ஒழுகல் நின்றது. ஒழுகல் நின்றால் சரியாயிற்று என்றுதானே அர்த்தம், எல்லாருக்கும் அதுதானே அர்த்தம், நுனி குழல் தலையின் அடியைத் தொடவில்லை, நடுவில் ஒரு பொட்டு இடம் காலியாக மிச்சமிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியுமா. பதிவுப் புத்தகத்தில் எழுதினேனா? இல்லை. இரண்டு நிமிஷ வேலை, டீ ஆறிக்கொண்டிருந்தது, எழுதவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே இரண்டும் ஒரே வீட்டுக்குள், ஒரே கட்டிலில்… மூன்றாவது பீக் பத்தொன்பதாவது நிமிடத்தில் லட்சணமாக எழும்பி லட்சணமாக இறங்கியது. ஒன்பதாயிரத்துச் சொச்சம். அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பம்பை நிறுத்தினாள், நட்டைக் கழற்றினாள், இழுத்துப் பார்த்தாள், குட்டைதான், அளக்கக்கூட வேண்டியதில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டு ரெண்டாயிரத்தைக் கூப்பிட்டுக் காட்டினால் என்ன, சார் இதப் பாருங்க, எட்டு மாசமா இதுதான், இத மாட்டினது நான்தான்… மாட்டினது நான்தான் என்று சொல்ல வேண்டுமே. சொன்னால் அந்த ஆறு லாட் கணக்கெல்லாம் கிளறுவார்கள், விசாரணை வரும், இருக்கிற ஒரு சம்பளமும் போகும், பெண்ணின் படிப்பு… அதுகூட இல்லை, பொய் சொல்லாதே, சம்பளத்துக்கா பயப்படுகிறாய்? அவர் முகத்துக்குத்தான் பயப்படுகிறாய். அவள் கை பாட்டுக்கு டிராயரைத் திறந்தது, சரியான ட்யூபை எடுத்தது, அடிவரை தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்கியது, ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. ஒரு மனிதரின் பதினேழு வருஷம் ஐந்து நிமிடத்தில் சரியாகிற விஷயமாக இருந்திருக்கிறது. மறுபடி மருந்தை ஏற்றிக் கைப்பிடியைத் திருப்பினாள், மூன்றரை நிமிடத்தில் முதல் பீக் ஊசியாக வந்தது, ஒன்பதாயிரத்து இருநூறு.

"ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கா?" கதவைத் திறந்துகொண்டு பிரிவுத் தலைவர் வந்தே விட்டார். திரையில் குனிந்தார், புருவத்தைத் தூக்கினார், "அடேயப்பா" என்றார், "பாத்தீங்களா மேடம், அதே மெஷின், அதே குழல். நான் அன்னிக்கே சொன்னேன், கைதான்னு. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன், ஆனா கை போயிடுச்சு." அவள் வாயைத் திறந்தாள். முதல் ரன் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நேரத்தோடு, அவள் பேரோடு, யாராலும் அழிக்க முடியாது, ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் கொழுத்த பீக் திரைக்கு வந்துவிடும். "ஆமா சார்" என்றாள். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் ஆமா சார், ஆமா சார் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. எதற்கு ஆமா? யாருக்கு ஆமா, சனியனே?

மத்தியானம் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியின் திருப்பத்துக்குப் போனாள், அங்கேதான் யாரும் வரமாட்டார்கள். போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். அகலமாத்தாங்க வந்துச்சு என்று மட்டும் சொல்லலாம், அது பொய்யில்லை, முதல் ரன் அகலம்தானே, அவருக்கு அது போதும், எழுந்து உட்கார்வார், முகம் கழுவுவார்… ஆனால் அதோடு விடுவாரா? முதல் பீக் மட்டுமா, மூணுமேவா என்பார். முதல்தான் என்று சொன்ன அடுத்த நொடி, அப்ப எங்கயோ காலி எடம் இருக்கு, ட்யூபைப் பாத்தியா என்பார், பார்த்தேன் என்றால் யார் மாட்டினது என்பார், லீவு எடுத்த இரண்டு நாள் அவருக்குத் தெரியாதா, அந்த இரண்டு நாள் அந்த நாற்காலியில் இருந்தது யார் என்று தெரியாதா. அவருடைய புத்தி அப்படி, நூல் முனை கிடைத்தால் போதும், உருண்டையின் அடிவரை போய்விடுவார். பாதி உண்மை சொல்ல முடியாத ஆளிடம் பாதி உண்மை சொல்லி மாட்டிக்கொள்வதா. முழுசாகவே சொல்லிவிடேன், நான்தாங்க, என்னாலதான்… போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். எட்டு மாதத்தில் போனை எடுக்காத மனிதர், கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"எப்படி வந்துச்சு?"

"நல்லா வந்துச்சுங்க."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது கேட்டது. அவள் தயாராக நின்றாள், எத்தனை என்று கேட்பார், பிளேட் எத்தனை, வால் எவ்வளவு, எந்தக் குழல் போட்டே என்று கேட்பார், அடுத்த வீட்டுப் பிள்ளை பாஸாயிடுச்சாம் என்று சொன்னாலே எத்தனை மார்க் என்று கேட்கிறவர், ஒன்பதாயிரத்து இருநூறு என்று சொன்னதும் அதெப்படி என்று கேட்பார், தோண்டுவார், விடமாட்டார், அவரே அடிவரை போய் எடுத்துவிடுவார், எடுக்கட்டும், அப்போது ஆமாங்க நான்தான் என்று ஒரு வார்த்தை, அது போதும், அந்த ஒரு வார்த்தையை அவளால் சொல்லிவிட முடியும்… கேளுங்களேன். ஏதாவது கேளுங்களேன்.

"சரி" என்றார் அவர். "உனக்காவது நல்லா வருதே. சாப்பிட்டியா?"

இல்லைங்க என்றாள். சாப்பிடு, நேரமாச்சு என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். கீழே யாரோ டப்பாவைத் திறந்து பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அகலமாக வந்தது என்று சொல்லியிருந்தாலும் அவர் எதுவும் கேட்டிருக்க மாட்டார். யார் மாட்டினது என்று கேட்கிற ஆள் அந்த வீட்டில் இப்போது இல்லை, எப்போதிலிருந்து இல்லை என்று அவளுக்குத் தெரியவில்லை, பக்கத்திலேயேதான் படுத்திருந்தாள், தெரியவில்லை.