மஹாலட்சுமி வந்துபோன இரங்கல் கூட்டம்

செத்துப்போன ஒருவரை ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் உயிரோடு எழுப்பியவன் நான். சேலையூரில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் சாட்சி.

முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவன். நான் எழுதிய கோப்புகளை அடுக்கினால் இமயமலை அண்ணாந்து பார்க்கும். அந்தத் தகுதியில், குடியிருப்பில் யார் இறந்தாலும் இரங்கல் தீர்மானம் எழுதுவது என் பொறுப்பு. கணினியில் ஒரு மாதிரி உண்டு. பெயரை மட்டும் மாற்றுவேன். தினகரன் இறந்தபோதும் பெயரை மட்டும்தான் மாற்றினேன். "திரு. தினகரன் தம் அன்புக் கணவரைத் தவிக்கவிட்டு" என்று மைக்கில் வாசித்துவிட்டேன். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கியவர்களும் குனிந்துகொண்டார்கள்.

அன்று மாலை மூன்றாம் மாடி மஹாலட்சுமி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, நான்கு புத்தகங்களை என் மேசையில் வைத்தார்.

"சார், நீங்க ஆளையே பார்க்காம எழுதறீங்க. முதல்ல இதையெல்லாம் படிங்க."

இரண்டு வருடத்தில் அவர் அலமாரியிலிருந்து பத்தாயிரம் புத்தகம் படித்தேன். நூற்றுப்பத்து என்பாள் என் மனைவி பட்டு. அவளுக்குக் கணக்கு வராது.

படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. எந்தக் கதையிலும் ஒருவர் 'பண்பாளர்' என்பதால் மனதில் நிற்கவில்லை. சாப்பிட்ட தட்டை யாருக்கும் தெரியாமல் தானே கழுவி வைத்ததால் நின்றார். என் பழைய தீர்மானங்களைப் புரட்டினேன். பதினேழு பேர். பதினேழும் பண்பாளர்கள். ஒருவருக்கும் முகம் இல்லை.

போன ஆவணியில் மஹாலட்சுமியே போய்விட்டார்.

கூட்டத்துக்கு முன் அவர் கணவர் ஜெயகிருஷ்ணன் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். பத்து நாளாக அவர் ஒரு சொட்டு அழவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க ஃபார்மட்ல அவ பேரைப் போட்டு வாசிச்சுடாதீங்க. என்னால தாங்க முடியாது. ரெண்டு நிமிஷம் மௌனம் போதும்."

"ஃபார்மட் இல்ல சார், புதுசா எழுதியிருக்கேன். வாசிச்சா மேடமே வந்து உட்காருவாங்க."

"விளையாடற நேரமா சார் இது? பேப்பர்ல எழுதினா செத்தவ வருவாளா?"

"ஒரு வரி தப்பா இருந்தாலும் கையைத் தூக்குங்க. நிறுத்திடறேன்."

வாசித்தேன். ஈடு செய்ய இயலாத இழப்பு என்று எழுதவில்லை. லிஃப்ட் நின்றுவிட்டால் மூன்றாம் மாடியிலிருந்து அவர் குரல் மட்டும் முதலில் இறங்கி வரும் என்று எழுதியிருந்தேன். பேருந்தில் படித்தபடியே கேம்ப் ரோடு நிறுத்தத்தைத் தவறவிட்டு, அதற்குக் கண்டக்டரைத் திட்டுவார் என்று. புத்தகத்தில் எண்ணெய்க் கறை பட்டால் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டார் என்று. ஒரு கையில் புத்தகத்தோடு காபி போட்டு, சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிடுவார். கணவர் வாயைத் திறக்காமல் குடிப்பார், என்னிடமும் கண்ணாலேயே 'குடிச்சிடுங்க' என்பார் என்று.

ஜெயகிருஷ்ணன் கையைத் தூக்கினார்.

நிறுத்தினேன். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"மூணு தடவை சார்," என்றார். "மூணு தடவை போடுவா."

சொல்லிவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரும் நெருங்கவில்லை. அழுது முடியும்வரை அப்படியே நின்றேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வந்தா சார்," என்றார். "இப்பதான் எழுந்து போறா."