ஒருநாளும் விடாத குளிசை

எனக்கு வாய் கூட எண்டு மூதூர் முழுக்கத் தெரியும். லோஞ்சுப் படகில ஏறேக்க பையைக் கிண்டின நேவிக்காரனையே ஏசினவள் இந்த ஐவி. ஆனால் வாயைத் திறந்து உண்மை சொல்லவேண்டிய இடத்தில பொய் சொன்னன். பாதரிட்டச் செய்த பாவசங்கீர்த்தனத்திலையும் இதைச் சொல்லேல்லை.

என்ர மகள் சீலாவுக்கு ஆறு மாதத்திலேயே வலிப்புத் தொடங்கினது. காய்ச்சல் கண்டால் போதும், கண் செருகி உடம்பு வெட்டி இழுக்கும். திருகோணமலைக் கிளினிக்கில வலிப்பை நிப்பாட்டக் குளிசை தந்தவை. மாதாமாதம் குடாவைக் கடந்து போய் எடுத்துவருவன். வலிப்பு நிண்டபாடில்லை.

அவளுக்கு ஏழு வயசு நடக்கேக்க சண்டை மூண்டு லோஞ் நிண்டுது. தரைப்பாதையும் பூட்டு. நாலு மாதம் குளிசை இல்லை. நான் செத்துச் செத்துப் பிழைச்சன். அவளின்ர உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துறன் எண்டு அந்தோனியாருக்கு நேர்ந்தன். என்ன புதுமையோ, வலிப்பு வாறதே குறைஞ்சு போச்சு. ஷெல் சத்தத்துக்க இருந்து ஏழாம் வாய்ப்பாடு பாடமாக்கினாள், கள்ளி.

லோஞ் திரும்ப ஓடின முதல் கிழமையே அவளையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைக் கோயிலுக்கு நேர்த்தி தீர்க்கப் போனன். திரி கொளுத்திப்போட்டு நேரே கிளினிக். எனக்கு முன்னால நிண்ட மனிசி இரண்டு கிழமை குளிசை விட்டிட்டன் எண்டு சொல்ல, நேர்ஸ் மிஸ்ஸி எல்லாருக்கும் முன்னால அவவை உரிச்செடுத்திட்டா. ஏசத் தெரிஞ்ச எனக்கு ஏச்சு வாங்க ஏலாது. கொழும்பில இருந்து வந்த மூளை டொக்டர் ஞானசேகரம், குளிசை ஒழுங்காக் குடுத்தனீங்களோ எண்டு கேட்டார்.

"ஓம் டொக்டர். ஒருநாளும் விடேல்லை. தெரிஞ்ச ஆளைக்கொண்டு எடுப்பிச்சனான்."

"வலிப்பு?"

"நல்லாக் குறைவு."

அப்ப குளிசை வேலை செய்யுது எண்டு சந்தோசப்பட்டு, அளவைக் கூட்டினார். எதுக்கும் எண்டு இரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்.

வலிப்புத் திரும்ப வந்தது. குளிசை காணாதாக்கும் எண்டு நான் இன்னும் அரை கூடக் குடுத்தன். மூண்டாம் கிழமை, பட்டப்பகலில, ஒண்டுக்குப் பின்னால ஒண்டா இழுத்துது. பிறகு அவள் எழும்பேல்லை. அடக்கம் செய்து இவ்வளவு காலமாகியும் குளிசை நேரத்துக்கு வாயைத் திறந்துகொண்டு எனக்கு முன்னால வந்து நிக்கிறாள். நான் சமைக்கக் குசினிக்குள்ள போனால் பின்னால வாறாள்.

எட்டு மாதத்துக்குப் பிறகு இரத்தத்தின்ர முடிவு வந்தது. டொக்டர் ஆளனுப்பிக் கூப்பிட்டு, கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு விளங்கப்படுத்தினார். மூளையின்ர உயிர்க்கலங்களில உப்பு உள்ளுக்கு வாறதுக்கு நுண்ணிய வாசல்கள் இருக்காம். சீலாவுக்கு அந்த வாசலைச் செய்யிற மரபணுவில பிறவியிலேயே ஒரு மாற்றம். பாதி வாசல்தான் வேலை. மூளையை அடக்கிவைக்கிற கலங்கள் அதாலை சோர்ந்துபோக, மற்றதுகள் கட்டுப்பாடில்லாமல் துள்ளும். அதுதான் வலிப்பு. அந்தக் குளிசை வாசலை அடைக்கிற மருந்து. கன பிள்ளையளுக்கு நல்லது. இவளுக்கு மிச்சமிருந்த வாசலையும் பூட்டிப்போட்டுது.

"முந்தியே பிடிக்க எனக்கு வழி இருக்கேல்லை, அம்மா," எண்டார். "ஒரு மாதமாவது குளிசை இல்லாமல் இருந்து வலிப்புக் குறைஞ்சிருந்தால் அப்பவே விளங்கியிருக்கும். நீங்கள் இந்தச் சண்டைக்குள்ளயும் ஒருநாள் விடாமல் குடுத்திருக்கிறீங்கள். உங்களைப்போல தாய்மார் குறைவு."

அவர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார். நான், "ஓம் டொக்டர்," எண்டன்.