உள்மூச்சில் ஓர் ஆமாம்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானப் படகில் என் அக்கா லியோனா யாருக்கும் சொல்லாமல் வந்து இறங்கினாள். அப்பா வீட்டைத் தாண்டி நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"சாயங்காலம் மம்மர் வேஷம் போட்டு வீடு வீடாப் போவீங்கதானே, செசில்? நானும் வர்றேன். அப்பா கண்டுபிடிச்சா முகத்தைக் காட்டுறேன். இல்லேன்னா நாளைக்கே திரும்பிடுவேன். நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

சத்தியம் செய்து கொடுத்தேன். முகத்தை மூடி வேஷத்தில் வரும் மம்மர் யாரென்று வீட்டுக்காரர் கண்டுபிடித்தால் மட்டுமே முகத்தைக் காட்டுவது எங்கள் ஊர்ப் பண்டிகை விளையாட்டு.

அவள் டொராண்டோவில் வானொலிச் செய்தி வாசிக்கிறாள். போன புதிதில், அவள் வாயைத் திறந்தாலே அலுவலகத்தில் சிரிப்பார்களாம். குழந்தையைப் பாடச் சொல்வதுபோல, "இன்னும் கொஞ்சம் பேசேன்" என்பார்களாம். விபத்துச் செய்தியை வாசித்தாலும் நியூஃபவுண்ட்லாந்து மீனவன் நகைச்சுவை சொல்வதுபோல இருக்கிறது என்றாராம் மேலாளர். எங்கள் குடாவில் பெண்கள் 'ஆமாம்' என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள். அம்மா கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். அது பயந்தவள் பேசுவதுபோல இருக்கிறது, முதலில் அதை விடு என்றார்களாம். விட்டாள். பிறகு ஒவ்வொன்றாக மற்றதையும் விட்டாள்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு அவள் திரும்பிப் போன குளிர்காலத்தில், ஒருநாள் தொலைபேசியில் அவள் குரலைக் கேட்ட அப்பா, "யாரு தாயி நீ? எம்மவகிட்ட குடு" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார். விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. அதன்பின் அவள் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. மூன்று வருடம்.

அப்பாவின் காது அப்படிப்பட்டது. மூடுபனிக்குள் ஏதோ ஒரு படகிலிருந்து ரேடியோவில் இரண்டு சொல் வந்தால் போதும். எந்தக் குடா, குடாவின் எந்தக் கரை என்று சொல்வார். "இவன் ஆத்தா வடக்குக் கரைக்காரிலே" என்பார். விசாரித்தால் சரியாகவே இருக்கும்.

என் மனைவி டாஃப்னி, லியோனாவுக்கு என் பழைய மழைக்கோட்டை மாட்டி, முதுகில் தலையணையைக் கட்டி, முகத்தில் ஜன்னல் லேஸ் திரைத்துணியைப் போட்டுவிட்டாள். நான் டாஃப்னியின் பாவாடையைக் கட்டிக்கொண்டு முகத்தில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு கஸ், தலைக்குமேல் தலையணை உறையை மாட்டிக்கொண்டான்.

"மம்மர் உள்ள வரலாமா?"

அப்பா வீட்டு வாசலில் நின்று, குரல் பிடிபடாமல் இருக்க, மூச்சை உள்ளிழுத்தபடி கீச்சுக்குரலில் கேட்டோம். எல்லா மம்மரும் அப்படித்தான் பேசுவார்கள்.

"வாங்கலே, வாங்க. பனியத் தட்டிட்டு வாங்க." அப்பா என்னைப் பார்த்ததுமே சிரித்தார். "பாவாட கட்டுனாப் போதுமால? அந்த வாத்து நடைய எங்க ஒளிப்ப, செசிலு?"

நான் சாக்கைத் தூக்கினேன்.

"உறைக்குள்ளேருந்து ரம்மு வாடை வருது. எலே கஸ்ஸு, முகத்தக் காட்டு."

பிறகு அவளிடம் வந்தார். சுற்றி வந்தார். தலையணைக் கூனை விரலால் குத்திப் பார்த்தார்.

"பேசு."

"எப்படி இருக்கீங்க? பண்டிகை நல்லபடியா நடந்ததா?"

கீச்சுக்குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டதுபோல வந்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஸ்கூலுக்குப் புதுசா வந்த டீச்சரம்மாவா?"

லேஸ் இல்லையென்று ஆடியது.

"நர்ஸம்மா?"

மறுபடியும் ஆடியது.

"ஒம் பேச்சுல எந்த ஊரு காத்தும் இல்லியே தாயி. எனக்குப் புடிபடல. தோத்துட்டேன்."

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "கெழவனுக்குக் காது போச்சுடோய்" என்றான் கஸ். அடுப்பில் விறகு ஒருமுறை வெடித்தது. என் நாக்கு நுனிவரை வந்த பெயரை விழுங்கினேன். அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

வழி தெரியாமல் வந்தவர்களிடம் பேசும் மரியாதையோடு அப்பா கேட்டார்: "வெளிய காத்து கடுமையால்லா இருக்கு. குளிருதா தாயி?"

லேஸ் துணி சட்டென்று உள்ளே இழுபட்டு அவள் உதட்டில் ஒட்டியது. ஒரு சின்ன ஓசை. சொல் என்றுகூடச் சொல்ல முடியாது. வேஷத்துக்காக இழுத்த மூச்சு அல்ல அது. அவள் அறியாமல் போன மூச்சு.

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"எஃபி," என்றார்.

அம்மாவின் பெயர். அம்மாவின் 'ஆமாம்' அது. மூன்று வருடமாக மண்ணுக்குள் இருப்பவள் எங்கள் நடுவே மூச்சு இழுத்துவிட்டுப் போயிருந்தாள். எங்கள் எல்லாருக்கும் முன்னால் பிறந்து, கப்பலேறி இந்தப் பாறைத் தீவுக்கு வந்தவர்களின் மூச்சும் அதில் இருந்திருக்கும். ஒரு நகரமே சேர்ந்து துடைத்தும் அது போகவில்லை.

"லியோனா," என்றார் அப்பா, மெதுவாக.

அவள் லேஸைத் தூக்கினாள். முகம் நனைந்திருந்தது.

"தெனமும் காலம்பர ரேடியோல ஒன்னத் தேடுதேன்," என்றார். "இந்த மூச்சு ஒரு நாள்கூட வரல."

அவர் நாற்காலியை அடுப்பருகே இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

"பசிக்குதா?"

அதே மூச்சு. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"டீ போடவா?"

மறுபடியும்.

"படகுல ஆட்டம் அதிகமோ?"

அந்தச் சாயங்காலம் முழுவதும் அவர் ஆமாம் என்று பதில் வரும் கேள்விகளை மட்டுமே கேட்டார்.