கூலி இல்லாத நாழிகை

1953 நவம்பர் 18, புதன்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். நாகர்கோவிலில் விடியலில் பிடித்த மழை தூறலாகக் குறைந்திருந்ததே தவிர, விடவில்லை. தொழிலாளர் நட்டஈட்டு வழக்குகளைக் கேட்கும் ஆணையரின் அலுவலக வராந்தாவில் மயிலாடிச் சிற்பி சுயம்பு ஆசாரி உட்கார்ந்திருந்தார். தூறல் விழும் சத்தத்தைக் கொண்டு, எங்கே ஓடு, எங்கே தகரம் என்று அவர் பிரித்தறிந்துகொண்டிருந்தார். அவருக்கு இரு கண்ணிலும் பார்வை இல்லை. இன்று தீர்ப்பு.

சென்ற ஆண்டு வைகாசிவரை பார்வை இருந்தது. முத்துநாயகத்தின் சிற்பக்கூடத்தில் ஆறு மாதம் நாட்கூலிக்கு அமர்ந்து, ஊர் அம்மனை ஓராள் உயரத்தில் செதுக்கினார். கடைசி வேலை கண் திறப்பு. அன்று சிற்பியைக் குளிக்கவைத்து, புதுவேட்டி உடுத்தி, கையில் காப்புக் கட்டுவார்கள். கூலி கொடுக்கும் முதலாளியே காலில் விழுவார். அந்த நாழிகைக்குக் கூலி கிடையாது. கூடத்து வருகைப் பதிவிலும் பெயர் ஏறாது. கூலியாள் திறந்த கண்ணில் தெய்வம் குடியேறாது என்பது அங்கே மாறாத வழக்கம்.

பொன்னூசியால் கோடிட்டபின், வலக்கருவிழியில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். சில்லு தெறித்து அவருடைய வலக்கண்ணில் ஏறிற்று. இரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அம்மனின் இடக்கருவிழியையும் முடித்த பிறகே அவர் ஏறி நின்ற பலகையிலிருந்து இறங்கினார். ஒரு கண் கெட்டால் மற்றதும் அதன்பின்னே போவதுண்டு என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்தார்கள்; இரண்டு மாதத்தில் போயிற்று.

வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்தில் தொழிலாளி ஊனமுற்றால் முதலாளி ஈடு தரவேண்டும் என்கிறது சட்டம். ஈடு வந்தால் சுயம்பு ஆசாரியும் மனைவி சண்முகவடிவும் இரண்டு வேளை சாப்பிடலாம். வராவிட்டால் அவள் செங்கல் சுமக்கவேண்டும். அவர் கோவில் வாசலில் துண்டை விரிக்கவேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கோவில் அந்த அம்மனுடையதுதான்.

மூன்று வாரத்துக்கு முன் விசாரணை நடந்தது. அவருடைய வக்கீல் ஞானதாசன் முதல்நாளே ஓதியிருந்தார். "கூலிக்குப் போனேன், சில்லு தெறிச்சு, கண்ணு போச்சு. இதுக்குமேல ஒரு சொல்லு பேசப்பிடாது, பாத்துக்கிடும்."

ஆனால் குறுக்குவிசாரணைக்கு எழுந்த முத்துநாயகத்தின் வக்கீல் சத்தியநேசன், சில்லைப் பற்றியோ உளியைப் பற்றியோ கேட்கவில்லை. சுயம்பு ஆசாரியைச் சிற்பி அவர்களே என்று விளித்தார். புதுவேட்டியைப் பற்றியும் காப்பைப் பற்றியும் கேட்டார். முதலாளி காலில் விழுந்தது மெய்யா என்று கேட்டார். எல்லாம் மெய். பின்னால் பெஞ்சுகளில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. கோவில் தர்மகர்த்தாவின் இருமல் சுயம்பு ஆசாரிக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்போ நம்ம அம்மனுக்குக் கண்ணு தெறந்தது ஒரு கூலியாளா?"

ஆம் என்றால் ஈடு உண்டு. ஆனால் அம்மன் வெறும் கல். குடமுழுக்கும் பொய், இரண்டு வருஷத்துக் கொடைத் திருவிழாவும் பொய். இருமல் நின்றுவிட்டது. சுயம்பு ஆசாரி தம் வேட்டி மடியைத் தடவிக்கொண்டார்.

"கூலியாளு தெறக்க முடியாது," என்றார்.

"அந்த நேரம் நீங்க யாரு?"

"அவளுக்கு அப்பனாக்கும்."

பெஞ்சுகளில் கைகூப்பும் வளையலோசை எழுந்தது. சத்தியநேசன் நன்றி சொல்லி உட்கார்ந்தார். ஞானதாசன் வழக்குக் கட்டை அவிழ்க்காமலே எழுந்து, முடிந்தமட்டும் வாதாடினார். கண்ணில்லாத சிலையை எந்தக் கோவிலும் வாங்காது. ஆகவே கடைசித் தட்டும் முதலாளி ஏற்ற வேலையின் பகுதியே. எளியவரைக் காக்கப் பிறந்த சட்டத்தை அதன் நோக்கத்தோடு சேர்த்தே படிக்கவேண்டும். தான் யார் என்று ஒருவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வது சட்டத்தின் பொருளை மாற்றாது. சத்தியநேசன் சொன்ன மறுமொழி சிறியது: சட்டத்தில் இருப்பவை சொற்கள், இரக்கத்துக்கு அதில் பிரிவு ஒதுக்கவில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில், சுசீந்திரம் தாண்டியபின், சண்முகவடிவு ஒரே ஒருமுறை வாய் திறந்தாள். "மவளுக்குக் கண்ணு குடுத்தாச்சுல்லா. இனி கஞ்சியும் அவகிட்டயே கேளுங்க."

பதினொன்று அடித்ததும் வழக்கை அழைத்தார்கள். ஆணையர் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, மனுதாரரைக் கருதி, தமிழிலும் பொறுமையாக எடுத்துரைத்தார். தொழிலாளி என்ற சொல்லைத் தாராளமாகவே கொள்ளவேண்டும். ஆனால் கூலியையும் பதிவையும் மேற்பார்வையையும் வழக்கமே விலக்கிவைத்த ஒரு நாழிகைக்குள் அதை நீட்டமுடியாது. முந்தின நாள், மூக்கைச் செதுக்குகையில் சில்லு தெறித்திருந்தால் ஈடு உண்டு. மனுதாரர் பொய் சொல்லத் தெரியாதவர். அவருடைய வாக்குமூலத்தை இந்த மன்றம் முழுமையாக நம்புகிறது. நம்புவதால் மனு தள்ளப்படுகிறது.

வராந்தாவில் ஞானதாசன் கோட்டைக் கழற்றி உதறினார். "சட்டத்துல தப்புன்னா மேல்கோர்ட்டுக்குப் போலாம் ஆசாரியே. ஆணையரு பிடிச்சுக்கிட்டது நீரு சொன்ன உண்மைய. அதுக்குமேல போக வழியில்ல." மழை வலுக்குமுன் போகவேண்டும் என்று குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

சந்தன வாசனை நெருங்கியது. முத்துநாயகம் வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதேயும். கோயில் வாசல்ல தெக்க, வெயில் படாத எடம் ஒண்ணு ஒமக்காகச் சொல்லிவச்சிருக்கேன். அம்மை ஒம்மப் பாத்துக்கிட்டே இருப்பா."

"இருக்க மாட்டா," என்றார் சுயம்பு ஆசாரி. "அவ பார்வ வாசல் வரைக்கும் வராது. கொடிமரத்தோட நிக்கும். நான் அளந்து வச்சதாக்கும்."

முத்துநாயகம் கையை எடுத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து குமாஸ்தா தாளும் மைப்பெட்டியுமாக வந்தார். நகலைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது எழுதவேண்டும். பெயர் கேட்டார், எழுதினார். ஊர் கேட்டார், எழுதினார்.

"தொழில்?"

குமாஸ்தா பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார்.

"கூலின்னு போடுங்க," என்றாள் அவர் கையைப் பிடித்து நின்ற சண்முகவடிவு.

குமாஸ்தா அப்படியே எழுதினார். முத்துநாயகமும் பக்கத்திலேயே நின்றார், ஆட்சேபிக்கவில்லை. குமாஸ்தா சுயம்பு ஆசாரியின் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து, ரசீதில் ஒற்றி எடுத்தபின், ஆணையர் கையெழுத்திட்ட தீர்ப்பை நான்காக மடித்து அந்தக் கையிலேயே கொடுத்தார்.