இடது பெட்டிக்குள் ஒரு முடிச்சு

என் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள். கூடத்தில் இருந்த அவளுடைய வெட்டு மேசையைப் படுக்கையறைக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் என் ஸ்பீக்கர்களை வைத்தேன். அதற்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள என் சமையல்கட்டு ரேடியோவை விட நல்லா பாடணும். இல்லேன்னா மேசை இங்க, உங்க பெட்டிங்க பரண்ல."

ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். எங்கள் பரண் தகரக் கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரே கோடையில் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்புகள் காய்ந்து வெடித்துவிடும்.

ஆறு வருடம் நாயாய் அலைந்து சேர்த்தவை இவை. ஆம்ப்ளிஃபயர், இழுத்து மூடிய ஒரு ஓட்டலிலிருந்து வந்தது. உள்ளே இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. ரெக்கார்ட் பிளேயரை ஒரு பல் டாக்டர் கொடுத்தார். ஸ்பீக்கர் இரண்டும் ஒரு ரேடியோ ரிப்பேர்காரரின் அலமாரியில் கிடந்தன. இடது பெட்டியில் கூம்பு கிழிந்திருந்தது. வேறு தேடிப் பிடித்து நானே மாற்றினேன்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் இணைத்து ஒரு பாட்டு ரெக்கார்டைப் பாட வைத்தேன். பாடியது, ஆனால் பாடகி எங்கே நிற்கிறாள் என்றே தெரியவில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்க வேண்டிய குரல் சுவர் முழுக்கச் சிதறியது. டிரம், அட்டைப்பெட்டியைத் தட்டியது மாதிரி கேட்டது.

"என் ரேடியோ ஜெயிச்சிடும் போலிருக்கே!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒயரைப் பத்துத் தடவை பார்த்தேன். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒயரை மாற்றிப் போட்டேன் என்று எவனும் சொன்னதில்லை.

ஞாயிறு காலை அவள் கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்று கேட்டாள்.

"ஏங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதே?"

"ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"வெளிய சரி. உள்ள? ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிட்டா, அப்புறம் எவ்வளவு ஒழுங்கா தைச்சாலும் சட்டை தோள்ல இழுக்கும்."

"உள்ள வேலை பார்த்தது நான்!"

"அதான் கேக்குறேன்."

முறைத்துக்கொண்டேதான் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே இரண்டு ஒயரும் ஒரே நிறம். அப்படி இருந்தால் எங்கள் லிஃப்ட் ஆட்கள் பிளஸ் ஒயரில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். கூம்பு மாற்றிய அன்று இதில் ஏற்கெனவே ஒரு முடிச்சைப் பார்த்துவிட்டு, நம்ம ஆள் யாரோ என்று குஷியாகி, அதையே புதுக் கூம்பின் பிளஸில் ஈயம் உருக்கிப் பற்ற வைத்திருந்தேன். இப்போதுதான் அந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே மறுமுனைவரை போனேன். அது பெட்டியின் முதுகில் இருக்கும் கறுப்பு முனையில், அதாவது மைனஸில், போய் நின்றது. ரிப்பேர்காரர் முடிச்சுப் போடுவது மைனஸில் போலிருக்கிறது. வலது பெட்டி காற்றைத் தள்ளும்போதெல்லாம் இடது பெட்டி இழுத்திருக்கிறது.

அவள் சிரிப்பை அடக்க டேப்பின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாற்றிப் பற்ற வைத்தேன். ரெக்கார்டில் ஊசி இறங்கியது. பாடகி நேராகக் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். அடுத்த வரிக்கு முன் அவள் மூச்சு இழுப்பது கேட்டது.

என் மனைவி அங்கே ஒரு அடி, இங்கே ஒரு அடி நகர்ந்து கேட்டாள். கடைசியில், இரண்டு பெட்டிக்கும் சம தூரத்தில் அளந்து அளந்து நான் எனக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இங்கதான் பக்கத்துல வந்து பாடுது. என் ரேடியோ தோத்துடுச்சு, ஒத்துக்குறேன். ஆனா கோளாறைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நீதான்."

"அப்ப நாற்காலியை எடுங்க."

அந்த இடத்தில் இப்போது அவளுடைய தையல் மெஷின் இருக்கிறது. நான் இடது பெட்டியோரம் தரையில் உட்கார்கிறேன். அங்கிருந்து பாதிப் பாட்டுதான் கேட்கும். ஆனால் அந்தப் பாடகி மூச்சு இழுக்கும் இடம் வந்தால், தைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு அவசரத் துணியானாலும், என் மனைவி மெஷினை நிறுத்திவிடுகிறாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.