வால்வு மூடி

மகாராணி பதினேழாவது மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது தெரபி மேடத்தின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் மடியிலிருந்த டப்பாவைப் பிடுங்கி, மூடிகளை என் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டேன். பழைய டியூப்புகளை மேசைக்கு அடியில் தள்ளினேன். பெற்ற மகளின் கெட்டிக்காரத்தனத்தைத் திருட்டுப்பொருள்போல ஒளித்துவைக்கிற அப்பன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் தொழில் பஞ்சர் ஒட்டுவது. கடைக்குப் பின்னால் வீடு. மகாராணி என்பது நான் வைத்த செல்லப்பெயர். பத்தொன்பது வயதாகிறது, பேசமாட்டாள். வேண்டியதையெல்லாம் கண்ணாலேயே உத்தரவிடுவாள். அறிவு வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், பயிற்சி கொடுங்கள் என்று அவளுடைய மூன்று வயதில் டாக்டர் சொன்னார். பயிற்சி கொடுக்கிற ஆள் இருந்த நகரத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பஸ்ஸே திரும்பி எங்களைப் பார்க்கும். நாலு மாதம் போனோம், பிறகு விட்டுவிட்டோம். விட்டதற்கு நான் சொல்லும் காரணங்கள் நிறைய. ஒன்றையும் நானே நம்புவதில்லை.

போன வருடம்தான் வீடு தேடி வரும் திட்டம் வந்தது. பதினோரு ஊருக்கும் சேர்த்து ஒரே மேடம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம். விரலால் பிடிக்கவும் திருகவும் பழக்க மணிகளும் மரக்கட்டைகளும் கொண்டுவருவார். அவள் கைமேல் தன் கையை வைத்து மெல்ல நகர்த்துவார். மகாராணி எல்லாவற்றையும் தட்டிவிடுவாள். மேடம் முகம் சுளிக்காமல் பொறுக்கி மறுபடியும் வைப்பார்.

அந்த விரல்கள் என் கடையில்தான் வழிக்கு வந்தன. டியூப் வால்வுக்கு நான் மூடி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் கையை நீட்டினாள். மேடம் செய்வதைப்போலவே அவள் கைமேல் கை வைத்துத் திருகினேன். இரண்டு மாதத்தில் என் கை தேவைப்படவில்லை. போன வாரம் தன் சட்டையின் மேல் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டாள். என் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள். அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இதை அந்த மேடம்கிட்ட உளறி வைக்காதீங்க" என்றாள்.

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு குழந்தை நடக்க ஆரம்பித்ததும் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்களாம். இன்று எங்களுக்கு வருட மதிப்பீடு. மகாராணிக்குப் பொத்தானே இல்லாத கவுனைத் தேடி மாட்டியிருந்தாள் என் மனைவி.

வழக்கம்போல மணிகள் பறந்தன. கட்டிலுக்கு அடியில் ஓடிய கடைசி மணியை எடுத்துவிட்டு மேடம் கேட்டார்.

"வீட்டுல புதுசா ஏதாவது செய்யறாளா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"இல்லைங்க மேடம். அப்படியேதான் இருக்கா" என்றேன்.

மகாராணி என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லவே கஷ்டமா இருக்குங்க" என்றார் மேடம். "ஒரு வருஷமா மாற்றமே இல்லைன்னா, இந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்றாங்க. நாப்பது பேர் காத்திருக்காங்க. நான் எழுதித்தான் ஆகணும்."

அவர் தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து செய்திருந்தோம். "மரம் மாதிரி நிக்காதீங்க, போங்க!" என்று என் மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

ஓடிப்போய் சட்டைப்பையைத் தரையில் கவிழ்த்தேன். "பொய் சொல்லிட்டேன் மேடம்."

பின்னாலேயே வந்த மகாராணி ஸ்கூட்டரின் முன்சக்கரத்தருகே குந்தினாள். அதில் வால்வுக்கு மூடி இல்லை. ஒன்றை எடுத்து, மூன்று விரலால் பிடித்து, திருகினாள். மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை ஏங்க மறைச்சீங்க?"

"நல்லா செய்யறான்னு எழுதினா நீங்க வரமாட்டீங்களே."

மேடம் பேனாவைத் திறந்தார், மூடினார்.

மகாராணி பின்சக்கரத்துக்குப் போனாள். அங்கே மூடி இருந்தது. திருகிப் பார்த்தாள், நகரவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதிர்ப்பக்கமாகத் திருப்பினாள். கழற்றுவதற்கு நாங்கள் யாரும் சொல்லித்தந்ததில்லை.

கழன்ற மூடியை மேடத்தின் விரல்களுக்கு இடையில் வைத்தாள். கண்ணால் சக்கரத்தைக் காட்டினாள். மேடத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேனா இன்னொரு கையில் இருந்தது. மகாராணி பொறுமையாக, அவர் கைமேல் தன் கையை வைத்து, மெல்ல நகர்த்த ஆரம்பித்தாள்.